சாளரமும் கதவும்: ‘ட்வைலைட்’ நாவல் வரிசையைக் குறித்து ஒரு மதிப்பீடு

காதற்கதை வரிசையொன்றை இறையியல் இதழில் ஆராய்வது தகுமோ என்று வாசகருள் சிலர் வினவக்கூடும். உன்னதப்பாட்டைத் திருமறையின் நடுவே வைத்துப் போற்றிவரும் திருச்சபைக்கு இவ்வினா பெரிதாகத் தோன்றவேண்டியதில்லை. மேலும், இளையோர் எதனை விரும்பி வாசிக்கின்றனரோ அதனிடமே அன்பின் இலக்கணத்தையும் கற்றுக்கொள்ளுகின்றனர். அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அறியாமல் திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் ஆயர், ஏற்கெனவே எழுதப்பட்ட பலகையின்மேல் அழிக்காமல் எழுதுகிறவரைப் போன்றவர்.

ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய ‘ட்வைலைட்’ 2005ஆம் ஆண்டிலும், ‘நியூ மூன்’ 2006ஆம் ஆண்டிலும், ‘எக்லிப்ஸ்’ 2007ஆம் ஆண்டிலும், ‘பிரேக்கிங் டான்’ 2008ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இந்நான்கு நூல்களும் உலகெங்கும் பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாயின. 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்களாகவும் அவை வந்தன. 2015ஆம் ஆண்டில் ஆண்பாத்திரங்களைப் பெண்களாகவும் பெண்பாத்திரங்களை ஆண்களாகவும் மாற்றிய ‘லைஃப் அண்ட் டெத்’ என்னும் நூலும், 2020ஆம் ஆண்டில் முதற்கதையையே காதலன் வாய்மொழியாகக் கூறும் ‘மிட்நைட் சன்’ என்னும் நூலும் தோன்றின. முதல் நூல் வந்தபோது பள்ளி மாணவியராய் இருந்தோர் இன்று தாய்மாராய் இருக்கின்றனர். தம் பிள்ளைகளுக்கு இந்நூல்களை எடுத்துக் கொடுப்பதா வேண்டாவா என்று அவர்களே சிந்திக்கும் காலம் இது.

இவ்வரிசையை வாசித்து முடித்தபின் நம் உள்ளத்தில் எஞ்சியது தெளிவான தீர்ப்பு அன்று. விருப்பும் வருத்தமும் பின்னிக் கிடந்தன. நாம் விரும்பியவற்றை ஒருபுறமும், வருந்தியவற்றை மறுபுறமும் பிரித்து வைத்துவிட்டால் மதிப்பீடு முடிந்துவிடும் என்று எண்ணினோம். பிரிக்க முற்பட்டபோது அவை பிரியவில்லை. ஏன் பிரியவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கதைப் போக்கு

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தில், மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரே கதைக்களம். வெயில் மிகுந்த ஃபீனிக்ஸ் நகரில் தாயுடன் வாழ்ந்த பெல்லா ஸ்வான் தன் 17ஆம் வயதில், அச்சிற்றூரின் காவல்துறைத் தலைவராகிய தன் தந்தையின் வீட்டிற்கு வந்து சேருகிறாள். பள்ளியில் எட்வர்ட் கல்லன் என்னும் இளைஞனைக் காண்கிறாள். அவன் 1901ஆம் ஆண்டில் பிறந்தவன். 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காய்ச்சலில் சாகும் தறுவாயில் கிடந்தபோது, கார்லைல் என்னும் மருத்துவரால் இரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டு, அன்றுமுதல் மூப்பின்றி வாழ்பவன். கார்லைலும் அவருடைய குடும்பத்தாரும் மனித இரத்தத்தை விலக்கி, விலங்குகளின் இரத்தத்தால் உயிர்வாழ உறுதிபூண்டவர்கள். எட்வர்டுக்குப் பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றல் உண்டு. பெல்லாவின் உள்ளம் ஒன்று மட்டுமே அவனுக்கு மூடிக் கிடக்கிறது. அவளுடைய இரத்தத்தின் மணமோ வேறெவருடைய மணமும் தூண்டாத அளவுக்கு அவனுடைய தாகத்தைத் தூண்டுகிறது.

இரண்டாம் நூலில், தன்னால் அவளுக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சி அவன் பிரிந்து செல்கிறான். பெல்லா நிலைகுலைகிறாள். ஓநாயாக உருமாறும் ஜேக்கப் பிளாக் என்னும் இளைஞனின் நட்பே அவளை மீட்கிறது. அவள் இறந்தாள் என்று தவறாக அறிந்த எட்வர்ட், தன்னை மாய்க்கும்படி இத்தாலியிலுள்ள காட்டேரி ஆட்சியாளரிடம் செல்ல, அவள் விரைந்து சென்று அவனைக் காக்கிறாள். மூன்றாம் நூல் அவ்விருவருக்கும் இடையே அவளுடைய தடுமாற்றத்தைக் கூறுகிறது. நான்காம் நூலில் திருமணம், பிள்ளைப்பேறு, மரணத்தின் விளிம்பில் அவள் அடையும் உருமாற்றம் ஆகியன நிகழ்கின்றன. பிரிவும் சேர்க்கையும், மிரட்டலும் மன்னிப்பும் மாறிமாறி வரும் கொந்தளிப்பான கதை இது. மூன்றாம் நூலில் பெல்லா, எமிலி பிராண்டி 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை மீண்டும் மீண்டும் வாசிப்பவளாகக் காட்டப்படுவது தற்செயலன்று.

2. நம்மை ஈர்த்தவை

முதலாவதாக, இளமையின் ஏக்கத்தை இவ்வாசிரியர் ஏளனம் செய்யவில்லை. தந்தைக்குச் சமைத்துப் போட்டு, பழைய வண்டியொன்றை ஓட்டிக்கொண்டு, தான் எவருடைய கண்ணிலும் படத் தகாதவள் என்று எண்ணியிருக்கும் ஒரு பெண்ணை, ஒருவன் உற்றுநோக்குகிறான். தன்னை முழுவதும் காணும் ஒரு கண்ணுக்காக ஏங்குவது மானிடரின் ஆழ்ந்த பசிகளுள் ஒன்று. திருப்பணியாளர் பலர் இளையோரிடம் ஒழுக்கத்தைக் குறித்துப் பேசுகிறோம். இப்பசியைக் குறித்துப் பேசுவதில்லை. இரண்டாம் நூலில் எட்வர்ட் பிரிந்தபின், அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை நான்கு மாதங்களின் பெயர்கள் மட்டும் ஏறக்குறைய வெறும் தாள்களில் அச்சிடப்பட்டுள்ளன. துக்கத்தில் காலம் எவ்வாறு வெறுமையாய்க் கழிகிறது என்பதை அத்தாள்கள் நன்கு உணர்த்துகின்றன. துக்கவீட்டில் பேசாதிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய ஆயருக்கும் அத்தாள்களில் பாடம் உண்டு.

இரண்டாவதாக, கார்லைலின் வரலாறு. 1640களில் இலண்டனில் ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். சூனியக்காரரையும் காட்டேரிகளையும் வேட்டையாடுவதில் வெறிகொண்ட அத்தந்தையின் பணியைத் தாமும் ஏற்று, அவ்வேட்டையிலேயே கடியுண்டு காட்டேரியாகிறார். தம்மை அழித்துக்கொள்ள முயன்று இயலாமற்போய், மனித இரத்தத்தைத் தீண்டாதிருக்கக் கற்று, இறுதியில் இரத்தம் வழியும் காயங்களைத் தைக்கும் மருத்துவராகிறார். தந்தை தம் கையாலேயே செதுக்கிப் பிரசங்க பீடத்திற்கு மேலே மாட்டியிருந்த மரச்சிலுவை இன்றும் அவருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிராம் ஸ்டோக்கர் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிராகுலா’வில் சிலுவையைக் கண்டு காட்டேரி பின்வாங்கும். இங்கோ சிலுவை காட்டேரியின் இல்லத்தில் நினைவுச்சின்னமாய் நிற்கிறது. தம்மைப் போன்றோருக்கு ஆத்துமா உண்டா, மறுமையில் நம்பிக்கை உண்டா என்று அறியாத நிலையிலும் நன்மை செய்ய முற்படும் இம்மனிதர், இவ்வரிசையின் மிகச் சிறந்த படைப்பு என்பது நம் கருத்து. சில ஆண்டுகள் அவரை விட்டகன்று, கொலைஞரைத் தேடிக் கொன்று அவர்கள் இரத்தத்தைக் குடித்துத் திரிந்த எட்வர்ட், மனந்திரும்பி வந்தபோது ஏற்றுக்கொள்ளப்படும் செய்தியில் கெட்ட குமாரன் உவமையின் சாயல் வெளிப்படையாகவே உள்ளது.

மூன்றாவதாக, அடக்கம். தான் மிக விரும்பும் ஒன்றை, அதன் நன்மைக்காகவே தொடாதிருத்தல் அன்பின் சோதனை என்று இக்கதை கூறுகிறது. தன் ஆத்துமா கெட்டுப்போயிற்று என்று நம்பும் எட்வர்ட், பெல்லாவின் ஆத்துமாவையாவது காக்க விரும்பித் திருமணம்வரை காத்திருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறான். விரும்பியதை உடனே நுகர்வதே உரிமை என்று பறைசாற்றும் காலத்தில் இக்குரல் கோடிக்கணக்கான இளையோரைக் கவர்ந்தது எளிதாகப் புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

3. நம்மை வருத்தியவை

முதல் நூலிலேயே, பெல்லா அறியாதபடி எட்வர்ட் இரவுதோறும் அவள் படுக்கையறைச் சாளரத்தின் வழியே நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதனை அவன் பின்னர் அவளிடம் கூறும்போது, சினம் கொள்ளவேண்டும் என்று அறிந்தும் அவள் உள்ளூர மகிழ்கிறாள். மூன்றாம் நூலில், ஜேக்கப்பைக் காண அவள் செல்லாதபடி அவளுடைய வண்டியின் பொறியிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துவிடுகிறான். அன்றிரவு அவள் சாளரத்தை ஓங்கி மூடுகிறாள். சற்று நேரம் அதனை நோக்கி நின்றபின், பெருமூச்சுடன் அகலத் திறந்து வைக்கிறாள். இவ்வரிசை முழுவதிலும் நம் மனத்தை மிகுதியும் கலங்கச் செய்த காட்சி இதுவே. இரத்தமும் போரும் நிறைந்த காட்சிகளிலும் காணாத அச்சம் அந்தப் பெருமூச்சில் இருக்கிறது.

ஜேக்கப்பின் பக்கமும் இதனினும் மேலானதன்று. அவன் அவளை வலிந்து முத்தமிடுகிறான். அவனைக் குத்திய அவளுடைய கையே முறிகிறது. அவளுடைய தந்தையோ அவனைப் பாராட்டுகிறார். பின்னர், போரில் தன்னை மாய்த்துக்கொள்ளப் போவதாகக் குறிப்புக் காட்டி, அவளே முத்தம் கேட்கும்படி செய்துவிடுகிறான். வாசகர் உலகம் எட்வர்ட் அணி, ஜேக்கப் அணி என இரண்டாகப் பிரிந்து வழக்காடியபோது, இருவருமே அவளுடைய மறுப்பைச் செவிமடுக்கவில்லை என்னும் உண்மை அவ்வழக்கின் ஆரவாரத்தில் மறைந்துபோயிற்று.

ஓநாய்க் குலத்தாரிடையே, ஒருவன் ஒருத்தியை நோக்கிய மாத்திரத்தில் அவளோடு நீங்காதபடி பிணைக்கப்படுவான் என்னும் ஒரு விதி கூறப்படுகிறது. அவ்விதியால் சாம் என்பவன் தான் காதலித்த லேயாவைக் கைவிட்டு, அவளுடைய உறவினளாகிய எமிலியோடு பிணைக்கப்படுகிறான். நான்காம் நூலிலோ ஜேக்கப், பெல்லாவுக்குப் பிறந்த பெண்குழவியோடு பிறந்த நாளிலேயே பிணைக்கப்படுகிறான். குழந்தை வளரும்வரை அவன் காவலனாகவே இருப்பான் என்று ஆசிரியர் விளக்கம் தருகிறார். எனினும் தொட்டிலில் கிடப்பவளின் எதிர்காலம் அவள் பேசக் கற்கும் முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. இதனை மகிழ்ச்சியான முடிவென்று ஏற்க நம் மனம் இசையவில்லை.

4. இரண்டிற்கும் வேர் ஒன்றே

இவ்விடத்தில்தான் நம் மதிப்பீட்டின் இடர்ப்பாடு தொடங்குகிறது. எட்வர்டின் அடக்கத்தைப் புகழ்ந்து, அவனுடைய காவலைக் கண்டிக்கலாம் என்று எண்ணினோம். உற்றுநோக்குமிடத்து அவ்விரண்டும் ஒரே மனத்தின் இரு செயல்களாக இருக்கின்றன. அவளை அணுகலாமா என்று தீர்மானிப்பவன் அவன். அவளுக்கு நல்லது என்று கருதி அவளைக் கேளாமலே பிரிபவனும் அவனே. அவள் எவரைக் காணலாம் என்பதையும், எப்போது மணமுடிக்கவேண்டும் என்பதையும், எப்போது உருமாறலாம் என்பதையும் அவனே நிருணயிக்க முற்படுகிறான். சில நாட்களில் இத்தீர்மானம் அவளுக்கு நன்மையாகிறது. அப்போது நாம் அதனை அடக்கம் என்கிறோம். வேறு சில நாட்களில் அவளைச் சிறைப்படுத்துகிறது. அப்போது அதனை ஆதிக்கம் என்கிறோம். தீர்மானிக்கும் உரிமை எவர் கையில் இருக்கிறது என்பது மட்டும் மாறவேயில்லை.

வலியவன் தன் வலிமையைத் தானே கட்டுப்படுத்துவது உயர்ந்த பண்பே. ஆனால் கட்டுபவனும் அவிழ்ப்பவனும் அவனேயாயின், எதிரே நிற்பவள் அவனுடைய நல்ல மனநிலையின் தயவில் வாழ்கிறாள். கதையே இதற்குச் சான்று தருகிறது. சாம் ஒருமுறை சினம் அடங்காமல் உருமாறியபோது அருகில் நின்ற எமிலியின் முகம் கிழிபடுகிறது. அத்தழும்பு என்றும் மறைவதில்லை. அத்தகைய வீட்டையே ஆசிரியர் கனிவு நிறைந்த காதலின் இல்லமாகக் காட்டுகிறார். சாமின் மனவருத்தம் மெய்யானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர் எவரும் இத்தகைய வீடுகளை அறிவார். ‘மற்ற நேரங்களில் அவர் மிகவும் நல்லவர்’ என்னும் சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். அச்சொற்களைக் கூறும் பெண்கள் பொய் சொல்லுவதில்லை. அவர்கள் கூறும் நன்மையும் தழும்பும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்பதே அவர்களுடைய துயரம்.

பெல்லா ஆபத்தில் சிக்கி மீட்கப்படும் பேதைப் பெண்ணாக மட்டும் காட்டப்படுகிறாள் என்னும் குற்றச்சாட்டிற்கு ஆசிரியர் 2015ஆம் ஆண்டு நூலில் மறுமொழி தருகிறார். காட்டேரிகளுக்கு எதிரே மனிதர் எவரும் வலியற்றவரே என்பதும், இதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்பதும் அவருடைய வாதம். பாத்திரங்களின் பாலை மாற்றி எழுதியும் கதை பெரும்பாலும் அப்படியே நிற்பது அவர் கூற்றுக்கு ஓரளவு துணை செய்கிறது. ஆனால் நம் வினா பாலைக் குறித்தது மட்டுமன்று. வலியவருக்கும் வலியற்றவருக்கும் இடையே அன்பு எவ்வாறு நிகழவேண்டும் என்பதே வினா. 2020ஆம் ஆண்டு நூல் இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகிறது. முதல்நாள் வகுப்பறையில் அவளையும், சாட்சிகளாய் அமர்ந்திருந்த ஏனைய மாணவரையும் எவ்வாறு கொல்லலாம் என்று எட்வர்ட் கணக்கிடுவதை அவன் வாயிலாகவே அறிகிறோம். பெல்லாவோ தன் பக்கத்து இருக்கையில் ஒருவன் முகங்கடுத்து அமர்ந்திருக்கிறான் என்பதை மட்டுமே அறிவாள்.

கிறிஸ்தவ இறையியல் இவ்வினாவுக்கு வேறொரு விடையை வைத்திருக்கிறது. பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கூறும் கிறிஸ்து, வல்லமையைக் கையில் வைத்துக்கொண்டு அதனைப் பயன்படுத்தாதிருப்பவர் மட்டும் அல்லர். தம்மை வெறுமையாக்கி அடிமையின் உருவில் மனிதருள் ஒருவரானவர். இவ்வரிசையில் வலியவர் ஒருவரும் இறங்கி வருவதில்லை. வலியற்றவளே ஏறிச் செல்லவேண்டியிருக்கிறது. பெல்லா எட்வர்டுக்கு இணையாகிறாள் என்பது மெய். ஆனால் மனுஷியாய் இருப்பதை விட்டபின்னரே இணையாகிறாள்.

5. விலை கொடாத தெரிவு

முதல் நூலின் அட்டையில் இரு கைகள் ஓர் ஆப்பிளை ஏந்தி நிற்கின்றன. உள்ளே முகப்புத் தாளில், விலக்கப்பட்ட கனியைக் குறித்த ஆதியாகமம் 2:17 பொறிக்கப்பட்டுள்ளது. உண்டால் சாவு என்பது அவ்வசனத்தின் எச்சரிக்கை. மூன்று நூல்கள் முழுவதும் ஆசிரியர் அவ்வெச்சரிக்கையை மறவாமல் எழுதுகிறார். பெல்லா உருமாறினால் பெற்றோரை இழப்பாள், தாய்மையை இழப்பாள், இரத்தத் தாகத்தால் நெடுங்காலம் தன்னை இழப்பாள், ஒருவேளை ஆத்துமாவையும் இழப்பாள் என்று நாம் மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படுகிறோம். தெரிவுக்கு விலை உண்டு என்று அறிந்தே அவள் தெரிந்துகொள்ளுகிறாள். கதைக்குக் கனத்தைத் தருவது இதுவே.

நான்காம் நூலில் அவ்விலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்யப்படுகின்றன. குழந்தை பிறக்கிறது. தந்தையின் உறவு நீடிக்கிறது. ஜேக்கப்பும் குடும்பத்தில் ஒருவனாகிறான். ஏனையோரை ஆண்டுக்கணக்கில் வதைத்த தாகம் அவளிடம் முதல் நாளிலேயே அடங்கிவிடுகிறது. திரண்டு வந்த பகைவரும் பெரும்போர் செய்யாமல் திரும்பிச் செல்கின்றனர். பிள்ளைப்பேற்றின் வேதனை ஒன்றே அவள் மெய்யாகச் செலுத்திய விலை; எல்லாரும் தடுத்தும் அக்குழந்தையைக் காக்க அவள் உறுதியாய் நிற்கும் பகுதி நூலின் வலிமை மிக்க பகுதியும் ஆகும். ஏனையவற்றில், கனியை உண்டவள் சாகவேயில்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் அவ்வாறு வாக்களித்த குரல் எவருடையது என்பதை இறையியல் மாணவருக்கு நாம் கூறவேண்டியதில்லை. ஆசிரியர் இதனை எண்ணி எழுதினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தாம் நேசித்த பாத்திரங்களுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்னும் தாய்மனமே அவரை இழுத்துச் சென்றது எனலாம்.

மேயர், மார்மோன் என்று பொதுவாக அழைக்கப்படும் சபையைச் சேர்ந்தவர். திருமண உறவும் குடும்பமும் மரணத்திற்கு அப்பாலும் நிலைப்பவை என்பது அச்சபையின் போதனை. காலவரையற்ற இல்லறமாக இக்கதை முடிவதில் அதன் எதிரொலியைக் காண்போர் உளர். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்னும் ஆண்டவரின் போதனையை ஏற்கும் நமக்கு, திருமணத்தின் மாண்பு அதன் முடிவின்மையில் இல்லை. மரணம் பிரிக்கும்வரை என்று உறுதிகூறும் இருவர், மூப்பையும் நோயையும் கண்முன் வைத்தே உறுதிகூறுகின்றனர். என்றும் இளமை மாறாத இருவருக்கு அவ்வுறுதிமொழியின் பாதிச் சொற்கள் பொருளற்றுப்போகும்.

6. ஆசிரியர் நுழைந்த சாளரம்

ஜேக்கப்பின் இனமாகக் கூறப்படும் குவிலியூட் மக்கள் கற்பனை மக்கள் அல்லர். ஃபோர்க்ஸ் ஊருக்கு மேற்கே, பசிபிக் கடற்கரையில் லா புஷ் என்னும் இடத்தில் வாழும் பழங்குடியினர் அவர்கள். 1889ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சதுர மைல் நிலமே அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர்கள் வேலைக்காக வெளியூர் சென்றிருந்தபோது அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. தம் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டனர் என்னும் தொல்கதை அவர்களிடம் உண்டு. காட்டேரிகளோடு செய்த உடன்படிக்கையும், கண்டவுடன் பிணைக்கும் விதியும் ஆசிரியரின் கற்பனைகள்.

மழை மிகுந்த ஊரைத் தேடி வலைத்தளத்தில் ஃபோர்க்ஸைக் கண்டறிந்து, அங்குச் செல்லாமலே முதற்கதையை எழுதியதாக மேயர் கூறியிருக்கிறார். கதை புகழ் பெற்றபின் வாசகர் கூட்டம் லா புஷ் வரை சென்றது. சியாட்டில் நகரின் பர்க் அருங்காட்சியகம் அம்மக்களோடு இணைந்து, அவர்களுடைய மெய் வரலாற்றைக் கதையினின்று பிரித்து விளக்கும் பணியை மேற்கொண்டது. ஆழிப்பேரலை அபாயத்திலிருந்து மேட்டு நிலத்திற்குக் குடிபெயர வேண்டிய தேவை அம்மக்களுக்கு நெடுநாளாக இருந்தது. 2012ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராயம் அதற்கான நிலத்தைச் சட்டத்தின் மூலம் வழங்கியது. கதையின் ஜேக்கப் எந்நேரமும் சினத்தால் நடுங்கி உருமாறக் காத்திருப்பவன். லா புஷ்ஷின் மெய்யான இளைஞனோ கடலேறி வந்தால் தன் பள்ளிக்கூடம் என்னாகும் என்று கவலைப்பட்டவன். உரியவரைக் கேளாமல் உள்ளே நுழைதலைக் காதலனிடத்தில் கண்டு வருந்திய நாம், அதனை ஆசிரியரிடத்திலும் காணத் தவறக்கூடாது.

7. உள்ளிருந்து திறக்கும் கதவு

இவ்வளவு கூறியபின்னும் இந்நூல்களை ஒதுக்கித் தள்ள நம்மால் இயலவில்லை. அதற்குக் காரணம் நான்காம் நூலின் இறுதியிலுள்ள ஒரு சிறு காட்சி.

எட்வர்டால் அறிய இயலாத ஒரே உள்ளம் பெல்லாவினுடையது என்று தொடக்கத்திலேயே கூறினோம். வீட்டிற்குள் நுழைய இயன்றவன், அவளுடைய எண்ணத்திற்குள் நுழைய இயலாதவனாகவே நான்கு நூல்களிலும் நிற்கிறான். அவ்வியல்பு பின்னர் ஒரு கேடயமாக வளர்ந்து, பகைவரின் மனத்தாக்குதலிலிருந்து அவள் தன் அன்பர் அனைவரையும் மூடிக் காக்கும் ஆற்றலாகிறது. ஆபத்து நீங்கியபின், தனித்திருக்கும் வேளையில், அக்கேடயத்தைத் தன் முயற்சியாலேயே விலக்கி, முதன்முறையாகத் தன் நினைவுகளை அவன் காணும்படி செய்கிறாள். அவன் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை, வியப்போடு பெற்றுக்கொள்ளுகிறான். அவள் தருகிறாள்.

இக்காட்சியை முழு வரிசைக்கும் திறவுகோலாகக் கொள்ளலாம் என்று கருதுகிறோம். முதல் நூலில் அவன் சாளரத்தின் வழியே வந்தான். இறுதியில் அவள் கதவை உள்ளிருந்து திறந்தாள். முன்னையதைக் காதல் என்று நம்பிய கதை, தானும் முற்ற அறியாமலே பின்னையதை நோக்கி நடந்து வந்திருக்கிறது. அவனுடைய பேராற்றல் எட்டாத ஓரிடம் அவளுக்குள் இருந்ததனாலன்றோ இறுதியில் கொடுப்பதற்கு அவளிடம் ஒன்று எஞ்சியிருந்தது?

உன்னதப்பாட்டிலும் சாளரம் உண்டு. நேசர் சுவருக்கு வெளியே நின்று பலகணியின் வழியே நோக்குகிறார். ஆனால் உள்ளே நுழையாமல், எழுந்து வரும்படி அவளை அழைக்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் அவர் கதவைத் தட்டுகிறார். அவள் தாமதிக்க, அவர் போய்விடுகிறார். தாமதிக்கவும் மறுக்கவும் அவளுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபையின் வாசற்படியில் நிற்கும் ஆண்டவரும் தட்டுகிறவராகவே நிற்கிறார். வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் உடையவர், அந்தக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் உள்ளே இருப்பவரிடம் விட்டிருக்கிறார்.

ஆகவே, இந்நூல்களை வாசிக்கும் இளையோரைக் கடிந்துகொள்ளுதல் பயன் தராது. கண்டும் காணாமல் இருத்தலும் நமக்குத் தகாது. அவர்களோடு அமர்ந்து, மூன்றாம் நூலில் பெல்லா சாளரத்தை மூடித் திறக்கும் இரவையும், நான்காம் நூலின் இறுதிக் காட்சியையும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்து, எந்த இடத்தில் அவள் மெய்யாகவே நேசிக்கப்பட்டாள் என்று கேட்கலாம். விடையை அவர்களே கூறுவார்கள். கூறியபின் அவர்களுள் எவளேனும் ஒருத்தி, தன் வாழ்க்கையில் ஓர் ஆண்மகன் கழற்றி வைத்திருக்கும் பொறியின் பாகத்தைக் குறித்துப் பேசத் தொடங்கக்கூடும். அவ்வேளையில் ஆயர் அவளுக்குச் செய்யவேண்டிய முதல் பணி, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பது.